இயக்குநர் பதவிக்கு மூன்று விண்ணப்பங்கள்: பழைய நிறுவனம் வாய் திறக்காவிட்டால் என்ன செய்வது?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் இயங்கும் சின்னத் தொண்டு நிறுவனத்தின் செயற்குழுவில் இருக்கிறேன். 1975 சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவானது. மாலை நேரப் படிப்பு மையங்கள், பெண்கள் குழுக்கள், வளரிளம் பெண்களுக்கான ஒரு புராஜெக்ட் என்று வேலை ஓடுகிறது. முப்பது பேருக்குக் கொஞ்சம் அதிகமாக ஊழியர்கள், பெரும்பாலும் பெண்கள். ஆரம்பித்தவரே இதுவரை இயக்குநராக இருந்தார். உடல்நிலை சரியில்லாமல் விலகுகிறார். அடுத்தவரைத் தேர்வு செய்யும் பொறுப்பு எங்களிடம் வந்திருக்கிறது.

மூன்று பேர் இறுதிப் பட்டியலில் இருக்கிறார்கள்.

ஒருவர் வெளியிலிருந்து வருகிறார். பெரிய நிறுவனங்களில் இருந்தவர், நிதி கேட்டுப் புரபோசல் எழுதுவதில் கெட்டிக்காரர். எங்களுக்கு நிதி தரும் நிறுவனத்தின் அதிகாரியே "இவரைப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார். ஆனால் கடைசியாக வேலை பார்த்த இடத்தின் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவியின் பெயர், அவ்வளவுதான் இருக்கிறது. போன் செய்து கேட்டேன். "தேதிகளை மட்டும் உறுதி செய்கிறோம் மேடம், வேறு எதுவும் சொல்ல அனுமதி இல்லை" என்றார்கள். அப்புறம் அங்கே களத்தில் வேலை பார்த்த பெண் ஒருவர், எங்கள் ஊழியர் மூலமாக "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியனுப்பினார். எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை.

இரண்டாமவர் எங்கள் ஒருங்கிணைப்பாளர். படிப்பு மைய ஆசிரியையாகச் சேர்ந்து படிப்படியாக வந்தவர். ஆங்கிலம் சரளமாக வராது. மூன்றாமவர் நிறுவனரின் அக்கா மகன். வேலை தெரியாதவர் என்று சொல்ல முடியாது.

தலைவர் சொல்கிறார்: "யாரோ சொன்னதை வைத்து ஒருவர் பிழைப்பில் மண் அள்ளிப் போடக் கூடாது. முதலாமவரையே எடுப்போம்." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் மையங்களில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் இருட்டிய பிறகும் இருக்கிறார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?

---

கரிசல்மண்:

நெருப்பில்லாமல் புகையாது அம்மா. பெண்களும் பிள்ளைகளும் இருக்கும் இடம். சந்தேகம் வந்துவிட்டால் ஆளை எடுக்க வேண்டாம். நாட்டில் இயக்குநர் வேலைக்கு ஆளா இல்லை?

---

பனைமரத்தடி:

இதை நான் ஏற்க மாட்டேன். "நெருப்பில்லாமல் புகையாது" என்ற ஒரே வாக்கியத்தால் எத்தனை பேர் வேலை இழந்திருக்கிறார்கள் என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

என் கதையைச் சொல்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் களப்பணியாளர்களுக்கு பி.எஃப். பிடித்தார்கள், ஆனால் கட்டவில்லை. கேட்டேன். வெளியே வந்தேன். அடுத்து நான் நேர்காணலுக்குப் போன இடத்திலிருந்து பழைய இடத்துக்குப் போன் போயிருக்கிறது. "ஆள் கொஞ்சம் பிரச்சினை" என்று அங்கிருந்து பதில். என்ன பிரச்சினை என்று இவர்கள் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை. அடுத்த கேள்வி என்ன தெரியுமா? "எந்த ஊர்க்காரர், ஊருக்குள்ளேயா, காலனியா?" இதைப் பிறகு என்னிடம் சொன்னவர் அந்தப் போன் பேசப்பட்ட அறையிலேயே உட்கார்ந்திருந்தவர்.

நம் ஊரில் ரெஃபரன்ஸ் என்று நடக்கும் விசாரிப்பில் பாதி, சாதி விசாரிப்புதான். சமூக நீதி பற்றிப் பயிற்சி நடத்துகிற நிறுவனங்களிலும் இது நடக்கிறது. அதனால் "பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற சொல்லை வைத்து ஒருவரைத் தள்ளுவதற்கு முன்னால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். வைகைக்கரை அம்மா, அவர் எந்தச் சமூகம் என்று உங்கள் குழுவில் யாராவது ஏற்கனவே கேட்டுவிட்டார்களா?

---

வைகைக்கரை:

நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் "யாருடைய ஆட்கள்" என்று ஒருவர் கேட்டார். நீங்கள் சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வியை நான் எழுதியே வைத்தேன்.

---

கரிசல்மண்:

பனைமரத்தடி தோழர், உங்களுக்கு நடந்தது அநியாயம். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் களப்பணிப் பெண்ணின் இடத்தில் இருந்தும் யோசியுங்கள். அவருக்கு இதனால் என்ன லாபம்? தெரிந்தால் அவர் வேலைக்கே ஆபத்து. நடந்தது என்ன என்று வாயால் சொல்ல முடியாமல்தான் இரண்டு வார்த்தையில் சொல்லியனுப்புகிறார். அதையும் வதந்தி என்று தள்ளிவிட்டால், அவர் வேறு எப்படித்தான் சொல்வார்?

---

சட்டப்பக்கம்:

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்க முடியும். அதனால்தான் கேள்வியை வேறு இடத்துக்கு நகர்த்த வேண்டும். முதலில் பழைய நிறுவனம் ஏன் பேசவில்லை என்பதைப் பார்ப்போம்.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013. இது தொண்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். டிரஸ்ட், சங்கம், என்.ஜி.ஓ. எல்லாம் அதில் "பணியிடம்"தான். 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் உள்ளகப் புகார் குழு கட்டாயம். அதில் வெளி உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும், பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும், தலைமை ஏற்பவர் மூத்த பெண் ஊழியர். 10 பேருக்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. இந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, புகாரின் உள்ளடக்கம், புகார் கொடுத்தவர், புகாருக்கு உள்ளானவர், சாட்சிகள், விசாரணை, பரிந்துரை எதையும் பொதுமக்களுக்கோ ஊடகங்களுக்கோ தெரியப்படுத்தக் கூடாது என்கிறது. புகார் கொடுத்த பெண்ணைக் காப்பாற்ற வந்த பிரிவு அது. நடைமுறையில் பல நிறுவனங்கள் இதைக் காட்டி, அடுத்து வேலை கொடுப்பவரிடமும் மொத்தமாக வாய் மூடிக்கொள்கின்றன. ஆகவே மௌனத்தை மட்டும் வைத்து "ஏதோ நடந்திருக்கிறது" என்றும் சொல்ல முடியாது, "ஒன்றும் நடக்கவில்லை" என்றும் சொல்ல முடியாது. எல்லோருக்கும் தேதி மட்டும் தருவதே சில இடங்களில் வழக்கம்.

குழந்தைகள் விஷயம் முற்றிலும் வேறு. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம், 2012. 19ஆம் பிரிவின்படி குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல் துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் தண்டனை, அதிலும் நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. "நல்லபடியாக ராஜினாமா வாங்கி அனுப்பிவிட்டோம்" என்பது அங்கே பதில் ஆகாது.

சரி, என்ன செய்யலாம்? விண்ணப்பித்தவரையே கேளுங்கள். அவரை மட்டும் தனியாகக் கேட்கக் கூடாது. இறுதிப் பட்டியலில் உள்ள மூன்று பேருக்கும் ஒரே படிவம். "கடந்த வேலைகளில் பாலியல் துன்புறுத்தல், குழந்தைப் பாதுகாப்பு, நிதி முறைகேடு தொடர்பாக உங்கள் மீது விசாரணை நடந்து நடவடிக்கை எடுக்கப்பட்டதா? விசாரணை நிலுவையில் இருக்கும்போது விலகினீர்களா?" ஆம், இல்லை என்று பதில். புகார் கொடுத்தவரின் பெயரோ விவரமோ கேட்கவே கூடாது. அடுத்த பத்தியில், "இது பற்றி என் முந்தைய நிறுவனங்களிடம் எழுத்தில் கேட்க ஒப்புதல் தருகிறேன்" என்று ஒரு கையெழுத்து. தவறான தகவல் என்று பிறகு தெரிந்தால் பணி நியமனம் ரத்து என்ற வரி நியமன ஆணையிலும் இருக்க வேண்டும்.

இப்போது பழைய நிறுவனத்துக்கும் வழி கிடைக்கிறது. சம்பந்தப்பட்டவரே ஒப்புதல் கொடுத்து, எழுத்தில் கேட்டு, ஆம் இல்லை என்று பதில் சொல்வதில் அவர்களுக்குப் பயம் குறையும். அவதூறு வழக்கு வரும் என்று பயப்படுபவர்களுக்கு: நல்லெண்ணத்தோடு, தன் நலனையோ மற்றவர் நலனையோ காப்பதற்காகச் சொல்வது அவதூறு ஆகாது என்ற விதிவிலக்கு பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இருந்தது, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது.

---

நிழல்மரம்:

சட்டப்பக்கம் சொன்ன படிவத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆக்ஸ்ஃபாம் என்ற சர்வதேசத் தொண்டு நிறுவனத்தின் விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். 2010 ஜனவரியில் ஹைட்டியில் பூகம்பம். நிவாரணத்துக்குப் போன ஆக்ஸ்ஃபாம் பிரிட்டன் ஊழியர்கள் சிலர் அங்கே பாலியல் சுரண்டலில் ஈடுபட்டதாகப் புகார். 2011இல் உள் விசாரணை நடந்தது. நான்கு பேரை வேலையை விட்டு நீக்கினார்கள். மூன்று பேரை ராஜினாமா செய்ய விட்டார்கள். அந்த மூவரில் ஒருவர் ஹைட்டி பிரிவின் இயக்குநரே. விசாரணைக்கு ஒத்துழைத்தார் என்பதற்காக அவருக்கு அந்தச் சலுகை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் பேச்சுக்கு முக்கியம். அந்த மனிதர் அடுத்ததாக வேறொரு பெரிய தொண்டு நிறுவனத்தின் வங்கதேசப் பிரிவுக்குத் தலைவராகப் போனார். அந்த நிறுவனம் விசாரித்திருக்கிறது. ஆக்ஸ்ஃபாமிலிருந்து எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்றும், அங்கே முன்பு வேலை பார்த்தவர்கள் தனிப்பட்ட முறையில் நல்லவிதமாகவே சொன்னார்கள் என்றும் பிறகு அது தெரிவித்தது. 2018 பிப்ரவரியில் லண்டன் டைம்ஸ் பத்திரிகை எல்லாவற்றையும் வெளிக்கொண்டுவந்தது. துணைத் தலைமை நிர்வாகி பதவி விலகினார், மாதாமாதம் பணம் கொடுத்துவந்த ஆயிரக்கணக்கானோர் நிறுத்திவிட்டார்கள், 2019 ஜூனில் பிரிட்டனில் தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் அறநிலைய ஆணையம் விரிவான அறிக்கை வெளியிட்டு அதிகாரபூர்வ எச்சரிக்கையும் கொடுத்தது.

2019 ஜனவரியில் சர்வதேச நிவாரண அமைப்புகள் சேர்ந்து ஓர் ஏற்பாட்டைத் தொடங்கின. வேலைக்கு எடுக்கும் முன் கடைசி ஐந்தாண்டு காலத்தில் விண்ணப்பித்தவர் வேலை பார்த்த நிறுவனங்களிடம் பாலியல் முறைகேடு பற்றி எழுத்தில் கேட்பது, கேட்டால் பதில் சொல்வது, இரண்டுக்கும் உறுப்பு நிறுவனங்கள் கட்டுப்பட வேண்டும். அதில் எனக்குப் பிடித்த விஷயம், கேட்பவர் மட்டும் பொறுப்பேற்றால் போதாது, கேட்கப்படும்போது பதில் சொல்லவும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது. நம் ஊரில் எல்லோரும் கேட்க விரும்புகிறோம், நாம் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் தேதியை மட்டும் கொடுக்கிறோம். வைகைக்கரை அம்மா, உங்கள் நிறுவனம் கடைசியாக யாருக்காவது கொடுத்த சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.

---

குளத்துமேடு:

பெரிய நிறுவனத்துக்கு எச்.ஆர். துறை இருக்கிறது. எங்களைப் போல ஏழெட்டுப் பேர் இருக்கும் இடத்தில் இதெல்லாம் எப்படி முடியும்? காவல் துறைச் சரிபார்ப்புச் சான்று வாங்கினால் போதாதா?

---

சட்டப்பக்கம்:

வாங்குங்கள், கட்டாயம் வாங்குங்கள். ஆனால் பதிவான வழக்குதான் அதில் வரும். புகார் நிறுவனத்தின் வாசலைத் தாண்டவே இல்லை என்றால் சான்று சுத்தமாகத்தான் இருக்கும். படிவம் ஒரு பக்கம்தான், அதற்கு எச்.ஆர். துறை வேண்டாம்.

---

பேரேடு:

நான் தொண்டு நிறுவனக் கணக்குகளை நெடுநாள் தணிக்கை செய்தவன். எல்லோரும் முதலாமவரைப் பற்றியே பேசுகிறீர்கள். மூன்றாமவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

உறவினரை நியமிக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. வருமான வரிச் சட்டம் 1961, 13ஆம் பிரிவு, நிறுவனருக்கும் அவரது உறவினர்களுக்கும் நியாயமான அளவுக்கு மேல் சம்பளம் கொடுத்தால் வரிவிலக்குக்கே ஆபத்து என்றது. அதற்குப் பதிலாக வந்த 2025 வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறியிருக்கலாம், விஷயம் அதேதான். அந்த உறவினர் பட்டியலில் அக்கா மகனும் வருகிறார். ஆகவே சம்பளத்தை ஆள் யார் என்று தெரிவதற்கு முன்பே தீர்மானம் போட்டு முடிவு செய்யுங்கள். நிறுவனர் செயற்குழுவில் இருந்தால் இந்தப் பொருள் வரும்போது எழுந்து வெளியே போக வேண்டும், போனார் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். அறையில் அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தாலே மற்றவர்களுக்கு வாய் வராது.

இன்னொன்று. மூன்று பேரிடமும் ஒரு வவுச்சரைக் காட்டி இது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். நான் பார்த்த வவுச்சர் ஒன்றைச் சொல்கிறேன். களப்பணியாளருக்கு மாதச் சம்பளம் 15,000 ரூபாய். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து. பக்கத்திலேயே அதே தேதியில் 5,000 ரூபாய்க்கு நன்கொடை ரசீது, அதே பெண்ணின் பெயரில். அடுத்த மாதமும் அப்படியே. அடுத்த ஊழியருக்கும் அப்படியே. எல்லா ரசீதும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எல்லோரும் கொடுக்கிறோம் சார், இல்லையென்றால் அடுத்த புராஜெக்டில் எடுக்க மாட்டார்கள்" என்றார். கணக்கில் ஒரு பைசா இடிக்கவில்லை. ஆனால் அது சம்பளத் திருட்டுதான்.

இதை நியாயப்படுத்துபவர்கள் சொல்லும் காரணம் எனக்குத் தெரியும். நிதி கொடுப்பவர் அலுவலக வாடகைக்கும் கரண்டு பில்லுக்கும் கொடுப்பதில்லை. வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவு முன்பு 50 சதவீதம் வரை போகலாம் என்று இருந்தது. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்தில் 20 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். நெருக்கடி உண்மை. ஆனால் அந்த நெருக்கடியை நிறுவனத்திலேயே குறைந்த சம்பளம் வாங்குபவர் தலையில் இறக்குவதா என்பதுதான் ஓர் இயக்குநர் எடுக்கும் முதல் முடிவு. அந்த வவுச்சரைப் பார்த்து "எல்லா இடத்திலும் நடப்பதுதானே" என்று சொல்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நான் கை தூக்க மாட்டேன்.

---

பனைமரத்தடி:

பேரேடு ஐயா, இதைப் பொதுவெளியில் ஒரு தணிக்கையாளர் சொல்வதை இப்போதுதான் பார்க்கிறேன். நன்றி.

---

முல்லைக்கொடி:

நான் உங்கள் இரண்டாமவர் மாதிரி வந்தவள். களத்திலிருந்து ஒருங்கிணைப்பாளர் ஆனவள். அவரைப் பற்றி இவ்வளவு நேரம் யாரும் பேசவில்லை. வைகைக்கரை அக்காகூட அவரைப் பற்றி மூன்று வரிதான் எழுதினார், அதில் ஒரு வரி ஆங்கிலம் வராது என்பது.

நேர்காணலில் பெரும்பாலும் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பவர்பாயிண்ட். வெளியிலிருந்து வருபவர் அழகாகப் பேசுவார். உள்ளே இருப்பவர் திக்குவார். மதிப்பெண் போடும்போது "தலைமைப் பண்பு" என்ற கட்டத்தில் ஆங்கிலத்துக்குத்தான் மதிப்பெண் விழும். ஆனால் இயக்குநரின் அன்றாடம் வேறு. ஊர்த் தலைவர் படிப்பு மையத்துக்குக் கொடுத்த கட்டடத்தைத் திடீரென்று பூட்டிவிட்டார், என்ன செய்வது? ஒரு பிள்ளைக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று தகவல் வருகிறது, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு யார் எப்போது பேசுவது, அந்தப் பிள்ளையின் தோழிதான் சொன்னாள் என்று தெரியாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? புராஜெக்ட் மார்ச்சில் முடிகிறது, ஆறு பேரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும், யாரிடம் எப்போது சொல்வது? இவற்றைக் கேள்வியாகக் கொடுங்கள். தமிழில் எழுதச் சொல்லுங்கள்.

புரபோசல் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்தான். அதற்குப் பகுதி நேரமாக ஒருவரை வைத்துக்கொள்ளலாம். கிராமத்தில் பூட்டிய கதவைத் திறக்க வைப்பதற்குப் பகுதி நேரமாக ஆள் கிடைக்காது.

உள்ளேயிருந்து வருகிறார் என்பதற்காகவே அவருக்கு மதிப்பெண் போடச் சொல்லவில்லை. அவருக்கும் அதே படிவம், அதே வவுச்சர். அவருக்குக் கீழே வேலை பார்த்த ஆசிரியைகளிடம் பெயர் போடாமல் எழுதி வாங்குங்கள். மேலே இருப்பவர்களின் கருத்து மட்டும்தான் எப்போதும் கேட்கப்படுகிறது.

---

கரிசல்மண்:

முல்லைக்கொடி சொன்ன கடைசி விஷயம் முதலாமவருக்கும் பொருந்தும். பழைய நிறுவனத்தின் மேலதிகாரியை மட்டும் கேட்காமல், அவருக்குக் கீழே வேலை பார்த்த இரண்டு பேரின் பெயரை அவரையே கொடுக்கச் சொல்லுங்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். முன்னால் நான் சொன்னதுபோல விசாரிக்காமலே தள்ளிவிடுவதைவிட இது நேர்மை என்று படுகிறது.

---

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுச் செயற்குழு கூடியது, நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று பேருக்கும் ஒரே உறுதிமொழிப் படிவம், ஒரே ஒப்புதல் கடிதம் என்று தீர்மானம் ஆனது. தலைவர் முதலில் மறுத்தார். "நிதி கொடுப்பவர் அனுப்பிய ஆளிடம் இப்படிக் கேட்டால் என்ன நினைப்பார்கள்?" என்றார். அந்த அதிகாரிக்கே போன் போட்டுக் கேட்டோம். அவர்கள் நிறுவனத்தில் புதிதாகச் சேருபவர்களிடமும் இதே மாதிரி எழுதி வாங்குகிறார்களாம். அதற்குப் பிறகு தலைவர் எதுவும் சொல்லவில்லை. தன் அக்கா மகன் விஷயம் வந்ததும் நிறுவனர் தானாகவே வெளியே போனார். எனக்கு அது பெரிய நிம்மதி. சம்பளம் முன்பே நிர்ணயம் ஆகிவிட்டது.

படிவம் காலையில் அனுப்பினோம். ஒருங்கிணைப்பாளரும் அக்கா மகனும் மாலைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். முதலாமவர் ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறார். கொடுத்திருக்கிறோம். அவகாசம் கேட்டதை வைத்து யாரும் எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்று நான்தான் கூட்டத்தில் சொன்னேன், பனைமரத்தடி தோழர் எழுதியது மனதில் இருந்தது. ஆங்கிலப் பவர்பாயிண்ட் கிடையாது. முல்லைக்கொடி சொன்ன மூன்று சூழல்களும் வினாத்தாளில் இருக்கின்றன. வவுச்சரும் இருக்கிறது, பெயரை மறைத்து.

எங்கள் சான்றிதழ் கோப்பையும் எடுத்துப் பார்த்தேன். நாங்களும் தேதிதான் கொடுத்துவந்திருக்கிறோம். இனி எழுத்தில் கேட்டால், சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலோடு, எழுத்தில் பதில் கொடுப்போம் என்று அதையும் தீர்மானத்தில் சேர்த்தோம். ஒரே ஒரு உதவி: நேர்காணல் குழுவில் வெளி உறுப்பினர் ஒருவர் வேண்டும், எங்களுக்கும் நிறுவனருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாதவர். தெரிந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

---

பனைமரத்தடி:

நல்லது அம்மா. ஒன்று மட்டும் கேட்கிறேன். சொல்லியனுப்பிய அந்தப் பெண்ணைப் பற்றித் தீர்மானப் புத்தகத்தில் ஏதாவது எழுதினீர்களா? முதலாமவரே இயக்குநராக வந்தால் அந்தப் புத்தகம் அவர் கைக்குத்தான் போகும்.

---

வைகைக்கரை:

ஒரு வரிகூட இல்லை. "தலைமைப் பொறுப்புக்கு விண்ணப்பிக்கும் அனைவரிடமும் உறுதிமொழி பெறுவது" என்று மட்டும்தான் இருக்கிறது. எங்கள் ஊழியரிடமும் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு எப்போதாவது பேசத் தோன்றினால் எங்கள் உள்ளகப் புகார் குழுவின் வெளி உறுப்பினரிடம் பேசலாம் என்று அவருடைய எண்ணை மட்டும் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.